நாகலெட்சுமியின் ஐந்து ஜிபி

அகில மலையக உழைப்பாளர் பேரவையின் தலைவர் கந்தப்பனுக்கு நான்கு பட்டங்கள் உண்டு. மூன்று அவருடைய கடிதத் தாளிலேயே அச்சாகியிருக்கும். நான்காவதுக்கு இடம் போதாததால் கையெழுத்துக்குக் கீழே ரப்பர் முத்திரையாக விழும். அந்த நான்கையும் சுமந்துகொண்டு, சாரல் மழையில் ஒருவர் குடை பிடிக்க இன்னொருவர் செருப்பைப் பார்த்துக்கொள்ள, வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, கீழ்க்கணக்கு என்னும் கீழ்ப்பிரிவுப் பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாகலெட்சுமி, ஜெர்மனியில நாலு நாளும் உனக்கு டேட்டாவே தேவைப்படாது," என்றார். வணக்கம் சொல்லும் பழக்கம் அவருக்குத் தேர்தல் காலத்தில் மட்டும்தான். "என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுருவேன். நீ எங்கூடத்தான நிக்கப் போற?"

நாகலெட்சுமி தலையிலிருந்து கொழுந்துப் பையை இறக்கினாள். நாற்பத்தாறு வயது, இருபத்தெட்டு வருடக் கொழுந்து. பையை இறக்கும்போது மட்டும்தான் அவள் குனிவாள்.

"நின்னா மட்டும் போதுமா தலைவரே? பேச வேணாமா?"

"பேசு, தாராளமா பேசு. நீ தமிழ்ல சொல்லு, நான் இங்கிலீசுல எடுத்து விடுறேன். ஒரே வார்த்தையில சொல்லணும்னா, அங்க உன் வாயே நான்தான்."

"அவ வாய அவகிட்டயே விட்டுருங்க தலைவரே," என்றாள் வரிசையில் பின்னால் நின்ற அழகம்மா. "அது இல்லேன்னா அவளுக்குச் சோறு எறங்காது."

மடுவம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் சிரித்துவிட வேண்டும் என்பது அவர் முப்பது வருட அரசியலில் கற்ற இரண்டு பாடங்களில் ஒன்று. மற்றது, மைக்கைக் கீழே வைக்கக் கூடாது என்பது.

விஷயம் இதுதான். ஹாம்பர்க் நகரத்தில் தேயிலை வாங்குகிறவர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். கொழுந்து பறிக்கும் தொழிலாளி ஒருவர் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. பேரவைக்கு எழுதினார்கள், நாகலெட்சுமியின் பெயர் போயிற்று. அழைப்புக் கடிதத்தில் அவள்தான் பேச்சாளர். கந்தப்பனின் பெயருக்கு எதிரே 'மொழிபெயர்ப்பாளர்' என்று மட்டும் இருந்தது. ஆனால் தலவாக்கலை நகரில் ஒட்டிய போஸ்டரில் தலைவர் ஏழடி உயரத்தில் விமானத்தை நோக்கிக் கைகாட்ட, விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் நாகலெட்சுமி தபால்தலை அளவில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

போஸ்டரைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அடுத்த மழைக்கு அது தானாகக் கழன்றுவிடும். அவளுக்குக் கவலை அந்த மொழிபெயர்ப்புத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சிலர் அவளிடம் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார்கள். அவள் ஐந்து நிமிடம் பேசினாள். வரிசை வீடுகளான மூன்று லயத்துக்கும் சேர்த்து முப்பத்திரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், முப்பத்திரண்டு காம்பராவுக்கு நாலு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு கிடையாது, மலையில் வேலை செய்யும் இடத்தில் அதுவும் கிடையாது, அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள் என்று, விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். கந்தப்பன் அதை இங்கிலீசில் ஒரே வரியில் முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கக்கூசுக்குக் கைதட்டுகிறார்களே, நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு அவளும் வீட்டுக்கு வந்தாள். பிறகு, தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் அவளுடைய மகள் கிருஷாந்தி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, நீங்க ரொம்ப நன்றியோட இருக்கீங்கன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான்."

"நன்றியா? யாருக்கு?"

"அவருக்கு."

அன்றைக்கே நாகலெட்சுமி தீர்மானித்துவிட்டாள், இனிமேல் தான் பேசும் இடத்தில் மகளின் காது இருக்க வேண்டும் என்று. ஹாம்பர்க் மேடையில் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள், இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து கிருஷாந்தி கேட்டுக்கொண்டிருப்பாள், தலைவர் என்ன சொல்கிறார் என்பதை அந்த நிமிடமே அம்மாவின் காதில் போடுவாள். அதற்குத் தலைவரின் ஹாட்ஸ்பாட்டை நம்பினால், திருடனிடமே பூட்டை வாங்கிய கதையாகிவிடும். தனக்கென்று, தன் போனில், தான் மட்டும் திறந்து மூடுகிற டேட்டா வேண்டும்.

"மண்டபத்துல வைஃபை கூட இருக்கு," என்றார் தலைவர், இரக்கத்தோடு. "பாஸ்வேர்ட் எனக்கு அனுப்பியிருக்காங்க."

"அதனாலதான் தலைவரே, எனக்குச் சொந்தமா வேணுங்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவள் தராசுக்குப் போனாள்.

*

அடுத்த சனிக்கிழமை தலவாக்கலையில் ரிஃப்னாவின் கொமினிகேஷன் கடைக்குப் போனாள். போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் போடுவதும் போட்டோகொப்பி எடுப்பதும் உடைந்த கண்ணாடி மாற்றுவதும் அங்கே நடக்கும். கடையை ஆரம்பித்தவர் ரிஃப்னாவின் வாப்பா. இப்போது கடையில் மூளை ரிஃப்னாவுடையது, பெயர்ப்பலகை மட்டும் வாப்பாவுடையது.

"முதல்ல போனைக் குடுங்க அக்கா. எல்லா போனும் ஈ-சிம்மை ஏத்துக்காது."

நாகலெட்சுமியின் போன், கட்டாரில் வேலை பார்க்கும் தம்பி புதிது வாங்கியபோது விட்டுச் சென்றது. கண்ணாடியின் ஒரு மூலையில் சிலந்தி வலை போல விரிசல். ரிஃப்னா எண்களை அழுத்தினாள். திரையில் நீளமாக ஓர் இலக்கம் விழுந்தது.

"இருக்கு! இந்த நம்பர் வந்தா ஈ-சிம் போடலாம். எண்ணிப் பாருங்க, முப்பத்திரண்டு இலக்கம்."

"முப்பத்திரண்டா? எங்க காம்பராக் கணக்கு. அப்ப இதுலயும் நாலு கக்கூஸ்தான் இருக்கும்."

ரிஃப்னா கம்ப்யூட்டரைத் தன் பக்கத்திலிருந்து அவள் பக்கம் திருப்பினாள். "ஈ-சிம்னா கையில புடிக்கிற சிம் இல்ல அக்கா. ஒரு படம் அனுப்புவாங்க, கட்டம் கட்டமா இருக்கும். அதைப் போன் கேமராவால புடிச்சா சிம் உள்ள ஏறிடும். அங்க எறங்கினதும் டேட்டா ஓடும். உங்க இந்த நம்பர் அப்படியே இருக்கும்."

"இந்தக் கார்டையே அங்க கொண்டுபோனா?"

"ரோமிங்ல போட்டா, 'வந்து சேர்ந்துட்டேன்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள காசு போய்ச் சேர்ந்துரும். இதைப் பாருங்க. அன்லிமிட்டெட். ஏழு நாள். எல்லாரும் இதைத்தான் எடுக்குறாங்க."

ஊரெல்லாம் ஒன்றை எடுத்தால் நாகலெட்சுமிக்கு அதன் அடியைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். "அன்லிமிட்டெட்னா?"

"எவ்வளவு வேணும்னாலும் பாவிக்கலாம்."

"எவ்வளவு வேணும்னாலும் குடுக்குறேன்னு சொன்ன எவனும் இது வரைக்கும் குடுத்ததில்ல புள்ள. கீழ சின்ன எழுத்துல என்னா போட்டிருக்கு?"

ரிஃப்னா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "ஒரு நாளைக்கு ஒரு ஜிபிக்கு மேல போனா வேகத்தைக் குறைச்சிருவாங்களாம்."

"அப்ப அரைப்பேர்." நாகலெட்சுமி கையைத் தட்டினாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பாதிச் சம்பளம், அதற்குப் பெயர் அரைப்பேர். "காலையில நாள் சம்பளம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவான், சாயங்காலம் அரைப்பேர் போடுவான். இது வேணாம். அடுத்தது."

"இது மூணு ஜிபி. யூரோப் முழுக்க வேலை செய்யும்."

"நான் யூரோப் முழுக்கச் சுத்தப் போறனா? ஒரு ஊரு, ஒரு மண்டபம்."

"அப்ப இது. ஜெர்மனிக்கு மட்டும் அஞ்சு ஜிபி, முப்பது நாள். போன் நம்பர் வராது, டேட்டா மட்டும்தான். வாட்ஸப் கோல் எடுக்கலாம், வீடியோவும் தாராளமாப் போதும்."

"கழிவு எவ்வளவு?"

"கழிவா?"

"நாங்க இருபது கிலோ எடுத்துக் குடுத்தா சாக்குக்கு ஒரு கிலோ, மழைத் தண்ணிக்கு ரெண்டு கிலோன்னு கழிப்பாங்க. இவன் அஞ்சுன்னா அஞ்சு குடுப்பானா?"

"அஞ்சுன்னா அஞ்சுதான்."

"சரி. பேரு எப்ப விழும்? பெரட்டுல நின்னாலே விழுமா, மலைக்கு ஏறினாத்தான் விழுமா?"

பெரட்டு என்றால் காலையில் வேலை பிரிக்கும் இடம் என்பது தலவாக்கலைக்காரி ரிஃப்னாவுக்குத் தெரியும். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் புரியவில்லை. கொஞ்சம் யோசித்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அல்லாஹ்வே! முப்பது நாள் எப்பத் தொடங்கும்னு கேக்குறீங்க! இங்க ஏத்தினா தொடங்காது அக்கா. ஜெர்மனியில எறங்கி, அங்க இருக்குற டவரைப் புடிச்சாத்தான் நாள் கணக்கு ஓடும்."

"மலைக்கு ஏறினாத்தான் பேரு. நல்லது. இன்னொண்ணு. என் டேட்டாவ வேற ஒருத்தருக்குக் குடுக்க முடியுமா?"

"முடியும், ஹாட்ஸ்பாட் உண்டு."

"குடுக்காம இருக்கவும் முடியுமா?"

"அதுவும் முடியும்."

"இதைப் போடு," என்றாள் நாகலெட்சுமி.

கொழும்பில் கோட்டும் சூட்டும் போட்டு விமானம் ஏறுகிறவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு வருந்துகிற இடத்தில், ஒரு கொழுந்துக்காரி ஏழெட்டுக் கேள்வியில் காரியத்தை முடித்துவிட்டாள். சின்ன எழுத்தில் ஏமாற்றப்படுவதில் அவளுக்கு இருபத்தெட்டு வருட அனுபவம் இருந்தது. கையிலிருந்த காசைக் கொடுத்தாள், ரிஃப்னா தன் கார்டால் கட்டினாள். கடைசியாகக் கம்ப்யூட்டர் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டது. நாகலெட்சுமி விசாத் தாள்கள் இருந்த கோவையைத் திறந்து, அதில் தன் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்த முகவரியைக் காட்டினாள். ரிஃப்னா தட்டினாள். பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்தது.

"உங்க மெயிலுக்கு அந்தப் படம் போயிருச்சு அக்கா. தொறங்க, இப்பவே ஏத்திருவோம்."

"எங்க தொறக்கிறது? அது பேரவை ஒபீஸ் மெயில்."

ரிஃப்னா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி அந்த முகவரியை இன்னொரு முறை வாசித்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. லயத்துக் காம்பராவுக்கு இன்றைக்கும் தெருப்பெயரோ கதவிலக்கமோ கிடையாது. அவளுடைய அப்பாவுக்கு வந்த கடிதமும், அவளுடைய பிறப்புச் சான்றிதழும், கிருஷாந்தியின் பரீட்சை முடிவும் எல்லாம் தோட்டத்து ஒபீசின் மேற்பார்வையில்தான் வந்து சேர்ந்தன. கடிதம் என்றால் யாராவது பெரியவருடைய மேசை வழியாகத்தான் வரும் என்பது மூன்று தலைமுறையாக அவர்களுக்கு மழை மாதிரி ஒரு சங்கதி. மின்னஞ்சலும் அதே பாதையில் போனதில் என்ன ஆச்சரியம்?

"அந்தக் கொம்பனிக்கு எழுதிக் கேட்டாலும் அந்த மெயிலுக்குத்தான் பதில் போடுவான்," என்றாள் ரிஃப்னா, தலையில் கைவைத்து. "அக்கா, ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளுங்க. அந்தப் படத்தை ஒருக்காத்தான் ஏத்தலாம். மொதல்ல யாரு போன் புடிக்குதோ, அந்தப் போனுக்கே சொந்தம். அப்புறம் ஜனாதிபதி வந்து புடிச்சாலும் ஏறாது."

*

நாகலெட்சுமி அன்றே பேரவை ஒபீசுக்குப் போன் போட்டாள். தலைவரே பேசினார். குரலில் தேன்.

"பார்த்தேன் பார்த்தேன். வந்திருக்கு. இதையெல்லாம் சும்மா போன்ல அனுப்புறதா? உனக்கு அதன் மதிப்புத் தெரியல. வர்ற ஞாயித்துக்கிழமை மைதானத்துல விழா வெச்சுக் கையளிப்போம்."

"என் காசுல வாங்கினத எனக்கே கையளிக்கிறீங்களா?"

"வாங்குறது யாரு வேணும்னாலும் வாங்கலாம் நாகலெட்சுமி. வழங்குறதுக்குத்தான் தலைமை வேணும்."

"அதை அனுப்புங்க தலைவரே, கிருஷா நம்பருக்கு."

"உன் போன் கண்ணாடியே ஒடைஞ்சு கெடக்குது. என் போன்ல ஏத்திப் பத்திரமா வெச்சுக்கிறேன். அங்க போய் ஹாட்ஸ்பாட் தர்றேன்," என்று தலைவர் போனை வைத்தார்.

கந்தப்பன் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான். ஒருமுறை லயத்துக் கூரைக்கு ஒரே ஒரு தகரம் கொடுத்தபோது, பத்திரிகைப் படத்தில் அந்தத் தகரத்தைப் பதினொரு கைகள் பிடித்திருந்தன. வாங்கியவரின் கை மட்டும் படத்துக்கு வெளியே போய்விட்டது.

"என்னாம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் கிருஷாந்தி.

"விழாவுக்குப் போவேன். எனக்குத்தான விழா?"

*

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மைதானத்தில் மேடை, பந்தல், இரண்டு லவுட்ஸ்பீக்கர். பத்தரைக்கு மேல் நல்ல நேரம் என்று தலைவர் பஞ்சாங்கம் பார்த்திருந்தார். மேடை நடுவே துணி போர்த்திய பலகை ஒன்று நின்றது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, துணியை விலக்கினார்கள்.

நாலடிக்கு நாலடி. நடுவில் அந்தக் கட்டம் கட்டமான படம், ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அளவில். மேலே 'பேரவை வழங்கும் சர்வதேச இணையக் கொடை'. பக்கத்தில் தலைவரின் படம். பலகைக்குச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், அத்தனைக்கும் மேலே சாமந்தி மாலை.

"என்னாடி இது?" என்றாள் முன்வரிசையில் இருந்த அழகம்மா. "பேய் ஓட்டுற சக்கரம் மாதிரி இருக்கு."

தலைவர் பேச ஆரம்பித்தார். இணையம் என்பது என்ன, அது எங்கே பிறந்தது, அதற்கும் தமிழனுக்கும் உள்ள தொன்மைத் தொடர்பு எத்தகையது என்று போய்க்கொண்டே இருந்தது. மேடையில் அவருக்குப் பின்னால் நாகலெட்சுமியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குப் பலகையின் முதுகு மட்டுமே தெரிந்தது. எதிரே இருநூறு பேர் இருந்தார்கள், அதில் நூறு பேர் கையில் போன் இருந்தது.

யாராவது விளையாட்டுக்குப் பிடித்தாலும் போயிற்று. கடவுச்சொல்லை மைதானத்தில் மாலை போட்டு வைக்கிற மனிதரை அவள் இதுவரை கண்டதில்லை.

எழுந்தாள். படியிறங்கி மேடைக்கு முன்னால் வந்து நின்று போனை உயர்த்தினாள்.

தலைவர் பேச்சை நிறுத்தினார். "பாருங்க! நம்ம தங்கச்சிக்கு என்னைய ஒரு போட்டோ எடுக்கணுமாம். நன்றியுணர்வு!" உடனே பலகைக்கு அருகே நகர்ந்து அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

போன் பிடிக்கவில்லை. சாமந்தி மாலை சரிந்து கட்டத்தின் இடது மூலையை முழுக்க மறைத்திருந்தது.

"தலைவரே, மாலையைக் கொஞ்சம் தூக்குங்க."

"ஆங்?"

"மாலை மறைக்குது. முழுசாத் தெரியல."

தான்தான் முழுதாகத் தெரியவில்லை என்கிறாள் என்று எடுத்துக்கொள்ளத் தலைவருக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை. இரண்டு கையாலும் மாலையைத் தூக்கிப் பிடித்தார்.

"பலகையும் சாஞ்சிருக்கு. நேரா வையுங்க."

குடை பிடிப்பவர் ஓடி வந்து பலகையை நிமிர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அப்படியே. அசையாதீங்க."

போன் ஒருமுறை அதிர்ந்தது. புதுச் சிம் ஏற்றவா என்று கேட்டது. ஏற்று என்றாள். சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சிக்னல் இரண்டு கோடு. உண்மையில், பிடித்த பிறகு தலைவர் அசையலாம், ஆடலாம், அது அவர் சௌகரியம். ஆனால் கந்தப்பன் மைக்குக்குப் பக்கத்தில் வாய் மூடி நின்ற வரலாறு கிடையாது. அந்த அரிய காட்சியைச் சீக்கிரம் முடித்துவைக்க நாகலெட்சுமிக்கு மனம் வரவில்லை.

"சிரிங்க தலைவரே. இன்னும் எடுக்கிறேன்."

தலைவர் பல்லைக் காட்டியபடி, மாலையை ஏந்தியபடி, ஒரு முழு நிமிடம் நின்றார். வட்டம் நின்றது. 'தயார்' என்று வந்தது. அவள் போனை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு திரும்பவும் மேடையேறி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்போது அந்த வரலாற்றுத் தருணம்!" என்று முழங்கிய தலைவர், தன் போனை எடுத்துப் பலகைக்கு நேரே நீட்டினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி நீட்டினார். மாலையைக் கழற்றினார். கர்ச்சீப்பால் குங்குமத்தைத் துடைத்தார்.

"ரீலோட் இல்லையா தலைவரே?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"சிக்னல் பிரச்சினை," என்றார் தலைவர்.

"சிக்னல் நல்லா இருக்குங்க," என்றாள் நாகலெட்சுமி, உட்கார்ந்தபடியே. "எனக்கு ஏறிருச்சு."

மைதானத்துக்கு விளங்க இரண்டு நொடி ஆயிற்று. பிறகு அழகம்மா போட்ட சத்தத்தில் கோயில் மணியடிக்கிறவர் வெளியே வந்து பார்த்தார்.

தலைவரின் முகம் குங்குமத்தின் நிறத்துக்கு வந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "என்னா காரியம் பண்ணியிருக்க? இது பேரவையோடது."

"என்னோடது. நீங்க அச்சடிச்ச மெயில்லயே எம்பேரு இருக்கும். பொத்தாதீங்க, மைக்குல வாசிங்க."

"இப்படியெல்லாம் நடந்தா நீ ஜெர்மனிக்குப் போறதையே நான் யோசிக்க வேண்டி வரும்."

"யோசிங்க. அழைப்பு எம்பேருக்கு வந்திருக்கு. நான் போகலேன்னா நீங்க அங்க யாரை மொழிபெயர்ப்பீங்க?"

கந்தப்பன் தன் நான்கு பட்டங்களையும் சுமந்துகொண்டு நிமிர்ந்தார். மைக்கை நிமிர்த்தி, "தாய்மொழி வாழ்க!" என்று சொல்லி விழாவை முடித்துவிட்டார். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

*

ஹாம்பர்க் விமான நிலையத்தில் கதவைத் தாண்டுமுன்பே நாகலெட்சுமியின் போன் டவரைப் பிடித்தது. கிருஷாந்திக்கு, 'மலைக்கு ஏறிட்டேன், பேரு விழுந்திருச்சு' என்று செய்தி போட்டாள். ரோமிங் ஓடும் என்று நம்பி வந்த தலைவர் தன் போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே நாலு திசையும் நடந்தார். திரும்பி வந்தார்.

"வந்து சேர்ந்துட்டேன்னு வீட்டுக்குச் சொல்லணும்," என்றார், வேறெங்கோ பார்த்து.

"அதுக்கென்னாங்க, ஹாட்ஸ்பாட் போட்டுத் தர்றேன். பத்து நிமிசம்."

"பாஸ்வேர்ட்?"

"கக்கூஸ். இங்கிலீஷ் எழுத்துல. கடைசியில நாலு. நடுவுல எடம் விடாதீங்க."

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல்லை அவர் எழுத்துக் கூட்டித் தட்டினார். ஓர் எழுத்துத் தவறியதால் இரண்டாம் முறையும் தட்டினார்.

மறுநாள் காலை பத்தரைக்கு அவளுடைய பத்து நிமிடம். தோட்டத்தில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. பள்ளிக்கூடம் விட்டு, கிருஷாந்தி கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தாள். அழகம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் மத்தியான வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே கூடியிருந்தார்கள்.

நாகலெட்சுமி இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு பேச எழுந்தாள். எதிரே முந்நூறு பேர், முந்நூறு கோப்பைத் தேநீர்.

"எங்க மூணு லயத்துல முப்பத்திரண்டு காம்பரா," என்றாள். "நாலு கக்கூஸ். ஒண்ணுக்குக் கதவு இல்ல. கொழுந்து எடுக்கிற மலையில ஒண்ணுமே இல்ல. அதனால காலையிலேருந்து தண்ணி குடிக்காம நிக்கிறோம். நீங்க இப்பக் குடிக்கிற தேத்தண்ணிக்குக் கொழுந்து எடுத்தவ அன்னைக்குத் தண்ணி குடிச்சிருக்க மாட்டா."

நிறுத்தினாள். தலைவர் மைக்கைப் பிடித்து இங்கிலீசில் உருட்டினார். குரல் தழுதழுத்தது. கையால் மலைகளை வரைந்தார்.

"அம்மா," என்றது காது. "பனித்துளின்னு சொல்றாரு. அதிகாலை, பச்சை மலை, பாட்டுப் பாடிக்கிட்டே போறீங்களாம். கக்கூசப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல."

"விடாதடி அவன!" என்று பின்னால் அழகம்மாவின் குரல் கேட்டது.

நாகலெட்சுமி மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். "தலைவரே, பனித்துளி நான் சொல்லலியே."

மண்டபம் நிமிர்ந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டார். தலைவர் ஒரு சிரிப்பை எடுத்து நீட்டினார். நாகலெட்சுமி இயர்போனைக் கழற்றினாள். போனை நிமிர்த்தி மேசை மேல், தலைவரின் முகத்துக்கு நேராக வைத்தாள். விரிசல் விழுந்த கண்ணாடியில் பத்துப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

"இது எம் மக. இங்கிலீஷ் டீச்சர். நீங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்கா. இப்ப நீங்க சொல்றீங்களா, அவ சொல்லட்டுமா? ரெண்டுக்கும் என்கிட்ட டேட்டா இருக்கு."

தலைவர் முதலில் போனைப் பார்த்தார், பிறகு மண்டபத்தைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைக்கக் கூடாது என்ற பாடம் அவரைக் காப்பாற்றியதோ கவிழ்த்ததோ தெரியாது, அவர் வைக்கவில்லை. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

"ஃபோர் டொய்லட்ஸ்," என்றார்.

"எத்தனை காம்பராவுக்கு?"

அதையும் சொன்னார்.

"கதவு?"

கதவும் வந்தது. மலையும் வந்தது. தண்ணீர் வந்தபோது, முன்வரிசையில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே மேசையில் வைத்தார். யாரும் கைதட்டவில்லை. பேனாக்கள் மட்டும் ஓடின.

"இப்ப சரியா இருக்கும்மா," என்றாள் கிருஷாந்தி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

நாகலெட்சுமி சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. தலைவருக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஒரு வாய் குடிச்சுக்குங்க தலைவரே. அடுத்தது கொழுந்துக் கழிவு. அது கொஞ்சம் நீளம்."